அடிவாரத்தில் நிற்காதவர்

எங்கள் ஊரில் ஓட்டக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். மலை மேல் சாமியை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க ஏறி இறங்குகிற ஜனங்களுக்கு ஓடக் கற்றுக்கொடுக்க ஒரு குழுவா என்று கேட்டேன். கேட்ட வாய்க்கு வேலை கொடுத்தார்கள். போகியன்று விடிகாலையில் பொங்கல் கொண்டாட்டமாக ஒரு சாலை ஓட்டம் நடத்தப் போகிறார்களாம். ஓடுகிறவர்கள் எல்லோரும் தலையில் மஞ்சள் துணி கட்டிக்கொள்வார்களாம். அந்தத் துணிகளை நான் தைத்துத் தர வேண்டுமாம்.

திருத்தணி பஜாரில் ரவிக்கை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்தால் பொங்கல் துணி மலையாகக் குவியும், மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. பின்மண்டையில் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு குனிந்தபடியே தைப்பேன். அந்த வருஷம் அதோடு மஞ்சள் துணியும் சேர்ந்துகொண்டது.

குழுவின் செயலாளர் ரயில் நிலையம் பக்கம் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாய். என்னைவிடச் சின்னவர், அக்கா என்று கூப்பிடுவார். துணி கொடுக்க வந்தபோது ஓட்டத்தின் விதிகளைச் சொன்னார்.

"போகி ஆச்சேக்கா. ஆளுக்கு ஒரு பழைய சாமான் எடுத்துக்கினு வரணும். மண்டபத்து வாசல்ல நெருப்பு மூட்டி வெச்சிருப்போம். அதுல போட்டுட்டு ஓட ஆரம்பிக்கணும். டவுன் வழியா வந்து, வண்டி போற பாதையில மலை ஏறி மேல முடிக்கணும். மெடல் கெடையாது. ஆளுக்கொரு கரும்பு."

"புகையக் கெளப்பிட்டு அந்தப் புகையிலயே ஓடுவீங்களா? எவன்யா இந்த யோசனை சொன்னது?"

"நான்தான்க்கா," என்றார் அடக்கமாக.

மஞ்சள் நூல் பாதியில் தீர்ந்துவிட்டது. கடைசியாக மிஞ்சிய ஒரே ஒரு துண்டுக்குச் சிவப்பு நூலால் ஓரம் அடித்து ஒதுக்கி வைத்தேன். பாய்க்கு அதைக் கொடுக்கவில்லை, பார்க்க அசிங்கமாக இருந்தது. கடையிலேயே ஏதோ ஒரு மூலையில் கிடந்தது.

இப்போது நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கு. திருப்பதி போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா திடீரென்று போனாள். காலையில் காபி கொடுத்தவள் மத்தியானம் இல்லை. அடுத்த சில வருஷத்தில், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த கையோடு நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவரை விடக் கூடாது என்று. அம்மாவைத்தான் ஏமாந்து போய் விட்டுவிட்டேன், இவரையாவது என் கண்ணை விட்டு அகல விடுவதில்லை. என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். குழம்பில் உப்பைப் பாதியாக்கினேன். தேக்கில் கைத்தடி வாங்கிக் கொடுத்தேன். மலை ஏறவே கூடாது என்றேன். வேண்டுமானால் காரில் கூட்டிப் போகிறேன் என்றதற்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலையில் இருந்த காலம் முழுக்க கிருத்திகை தவறாமல் படி ஏறிப் போன மனிதர். நான் மட்டும் சும்மா இருந்தேனா? அடிவாரத்தில் பூ விற்கிறவர்கள், ஆட்டோக்காரர்கள், தேங்காய்க் கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்: எங்க நைனா இந்தப் பக்கம் வந்தா மேல விடாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க. ஊரே எனக்காக அவருக்குக் காவல் இருந்தது.

போகியன்று எனக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலை. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மேசை போட்டு, டம்ளர்களை நிரப்பி அடுக்கிவிட்டு நின்றேன். நான் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே நைனா ஒரு கிழிந்த கோரைப் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போனார். "பாயை நெருப்புல போட்டுட்டு அப்படியே பால் வாங்கிக்கினு வரேன்" என்றார். குல்லா போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஆங், ஆங் என்றபடி போனார்.

பனியும் புகையும் கலந்து எதிர்ச் சாரிக் கடை கண்ணுக்குத் தெரியவில்லை. தெருவுக்குத் தெரு போகி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் சென்னையிலிருந்து வந்த ஓட்டக்காரர்கள். கையில் கடிகாரம், கண்ணில் கண்ணாடி. தண்ணீரை வாங்கி வாயில் பாதி மேலே பாதி ஊற்றிக்கொண்டு மலைப்பாதையில் திரும்பினார்கள். அவர்கள் பின்னால் எங்கள் ஊர் ஆட்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். நல்ல வேகம். அந்த வேகத்தில் போயிருந்தால் சென்னைக்காரர்களைத் திருப்பத்திலேயே பிடித்திருப்பார்கள்.

ஆனால் அடிவாரம் வந்ததும் மொத்தக் கூட்டமும் நின்றது. நின்று, குனிந்து, ஷூவைக் கழற்ற ஆரம்பித்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடினேன். யாரும் விழவில்லை. கற்பூரம் ஏற்றுகிற மேடை முன்னால் வரிசையாக நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து இந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மலையைப் பார்த்திருக்கிறார்கள், பந்தயம் என்றால் மட்டும் கால் கேட்குமா? சிலர் கும்பிட்டுவிட்டுத் திரும்ப ஷூ மாட்டிக்கொண்டு கயிறு கட்டினார்கள். பலர் சாமி மலையில் ஷூவோடு ஏற மனசு வராமல் அதை என் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு ஓடினார்கள். பாதையை இந்த வழியாகப் போட்ட குழுவில் ஒருத்தருக்காவது இது முன்னாடியே தோன்ற வேண்டாமா? பாய் மைக்கில், "நிக்காதீங்க, நிக்காதீங்க, ஓடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். சென்னைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, பயந்துபோய்த் தானும் ஷூவைக் கழற்றினார்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் புகைக்குள்ளிருந்து அந்தத் துணி வந்தது. மஞ்சள் துணி, ஓரத்தில் சிவப்பு நூல்.

ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் என் தையலைப் பார்த்தேன். கடையில் கிடந்த துண்டு இங்கே எப்படி வந்தது என்று யோசித்தபடி அதற்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தேன். நைனா. காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ. நெஞ்சில் எண் அட்டை, அதை நாலு ஊக்கு போட்டு ஒழுங்காகக் குத்தியிருந்தார். கையில் தடி இல்லை. ஓட்டமென்று சொல்ல முடியாது, ஆனால் நடையும் இல்லை. பஸ் கிளம்பிய பிறகு தொற்றி ஏறுவதற்கு முன் கண்டக்டர்கள் எடுத்து வைப்பார்களே, அந்த நடை.

என் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. கத்த வேண்டும் என்று தோன்றியது, சத்தம் வரவில்லை. இந்த மனிதர் செத்துவிடுவார், இங்கேயே, என் கண் எதிரில் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. பிறகு ஒரு தைரியம் வந்தது. இந்த ஊரில் யார் நின்றாலும் நிற்காவிட்டாலும் நைனா இங்கே நிற்பார். ஓடுகிற பஸ்ஸை விசில் அடித்து நிறுத்தி, படியில் நின்றே மலையைக் கும்பிட்டுவிட்டுப் போன ஆள் அவர். ஷூவைக் கழற்றக் குனிவார், பிடித்துக்கொள்ளலாம் என்று மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அவர் நிற்கவில்லை. மலையைப் பார்க்கவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, ஷூவைக் கழற்றவில்லை. ஒரு கடன்காரன் வீட்டைத் தாண்டுகிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்.

அவர் ஓடியதைப் பார்த்ததைவிட அவர் நிற்காததைப் பார்த்துத்தான் நான் ஆடிப்போனேன். பூக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"நைனா! நில்லு நைனா!" என்று அப்போதுதான் குரல் வந்தது. மேசையை விட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன் என்கிறேன், ஆனால் நடந்தது என்னவென்றால், மேடை முன்னால் என் கால் தானாக நின்றது. தானாகச் செருப்பைக் கழற்றியது. கை கன்னத்துக்குப் போனது. பெற்ற அப்பன் உயிர் போகிறது என்று ஓடுகிற மகள் சாவகாசமாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். என்னை நானே நாலு வசை வைதுகொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மலைப்பாதையில் ஏறினேன்.

ஏற்றத்தில் அவர் நடந்துதான் கொண்டிருந்தார். இரண்டாவது வளைவில் பிடித்துவிட்டேன். பிடித்ததும் கையைப் பற்றி இழுத்தேன். உதறிவிட்டார்.

"நைனா, இன்னா பண்ணிக்கினு இருக்கற? டாக்டர் இன்னா சொன்னாரு?"

"டாக்டரா? அவருதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. போன மாசம் போய் வந்தேன். ஆறு மாசம் மலை ஏற வேணாம்னாரு அன்னைக்கு. நீதான் அதை ஆயுசுக்கும் ஆக்கிட்ட."

"பொய்!"

"பாயைக் கேளு. சீட்டைப் பார்த்துட்டுதான் சேர்த்துக்கினாரு. தெனமும் காத்தால பால் வாங்கப் போறேன்னு போனேனே, எங்க போனேன்னு நெனைச்ச? பாயோட கடைப் பக்கத்துலதான் நடந்துகினு இருந்தேன்."

மார்கழி முழுக்க இவர் பால் வாங்க இவ்வளவு நேரமா என்று பால்காரனைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பாய் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

"தடி எங்க?"

"நெருப்புல போட்டுட்டேன்."

"கோரைப் பாயைத்தானே எடுத்துக்கினு போன?"

"அது பத்திரமா இருக்குது, மண்டபத்துல வெச்சிருக்கேன். தடியைத்தான் போட்டேன். நல்லா எரிஞ்சுது."

தேக்குத் தடி. கடை கடையாக ஏறி இறங்கி, அவர் கைக்கு ஏற்ற உயரமாகப் பார்த்து வாங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அவர் பக்கத்தில் ஏறினேன். மூச்சு வாங்கியது, பின்மண்டையில் மேளம் அடித்தது. அதைப் பற்றி எனக்கு அப்போது கவலையில்லை. அவர் உதட்டு நிறத்தைப் பார்ப்பதும், நெற்றியில் வேர்வை எவ்வளவு என்று பார்ப்பதுமாகவே வந்தேன்.

"சரி, ஏறணும்னா ஏறு. கீழ ஒரு கும்பிடு போட்டா கொறைஞ்சா போயிடுவ? ஷூவோட தாண்டிப் போற. பார்த்தவங்க இன்னா நெனைப்பாங்க?"

கரும்போடு இறங்கி வந்த ஒருவருக்கு வழிவிட்டு ஓரமாக நின்றார்.

"என்னைக் கீழயே நிறுத்திட்டீங்க எல்லாரும்" என்றார். "பூக்காரி நிறுத்தறா, ஆட்டோக்காரன் நிறுத்தறான். கீழ நின்னு கும்பிட்டுட்டுப் போடான்னா நான் இன்னா பிச்சைக்காரனா? இந்தக் காலால ஏறி மேல போய் எதுக்க நின்னு கும்பிடறேன். இல்லாட்டி கும்பிடவே மாட்டேன். கீழ இருந்து எனக்கு ஒரு கும்பிடும் வேணாம். அப்படின்னு அவன்கிட்டயே சொல்லிட்டேன்."

"சாமிகிட்டயேவா சண்டை?"

"பின்ன உங்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா? பேசாம வா. பேசிக்கினே ஏறினா மூச்சு வாங்கும்."

மூச்சு வாங்கியது எனக்குத்தான். அவர் ஒரு வளைவுக்கு ஒரு முறை நின்று, மெதுவாக மூச்சை விட்டு, மறுபடி கிளம்பினார். யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. நான் நிற்காமல், வாயை மூடாமல், திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் ஏறினேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்திருந்தது. பாய் எங்களுக்கு முன்பே பைக்கில் வந்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரும்புக் கட்டுக்குப் பின்னால் போனார். நைனாவுக்கு எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு முழுக் கரும்பைக் கொடுத்தார்கள். அவர் அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, உட்கார்ந்து, ஷூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜோடியாக வைத்தார். எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு கோபுரத்தைப் பார்த்தார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறார். அவர் முகத்தைப் பார்த்த எனக்கே கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

இருந்தாலும் நான் விடுவேனா? குழு போட்டிருந்த பந்தலில் ஒரு நர்ஸ் பெண் பிரஷர் பார்க்கிற கருவியோடு உட்கார்ந்திருந்தது. "பிரஷர் பார்க்காம உள்ள போகக் கூடாது" என்று அவரை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தேன். பார்த்தது. நாடி பார்த்தது. மூச்சு எப்படி இருக்கிறது, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டது.

"தாத்தா நல்லா இருக்காரு. எதுவும் கொறை இல்ல" என்றது.

"நல்லாப் பாரும்மா. சரியாப் பாரு. எப்படி நல்லா இருக்க முடியும்? ஸ்டென்ட் வெச்ச உடம்பு. இந்த மிஷினே சரியில்ல."

"மிஷின் சரியாத்தான்க்கா இருக்குது. வேணும்னா உங்களுக்குப் பார்க்கறேன், கையக் குடுங்க."

கருவி சரியில்லை என்று காட்டத்தான் கையை நீட்டினேன். அந்தப் பெண் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தது. எண்ணைப் பார்த்தது. பட்டையைக் கழற்றி மற்ற கையில் சுற்றியது. மறுபடி பார்த்தது. அதன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, உங்களுக்குத் தலைவலி இருக்குதா?"

"அது எப்பவும் இருக்கும். தையல் வேலை."

"எவ்ளோ நாளா?"

"யாரு பார்த்தா? ரெண்டு மூணு வருஷம் இருக்கும்."

"எழுந்திருக்காதீங்க. அப்படியே படுங்க" என்றது. பாயைப் பார்த்து, "அண்ணா, ஆம்புலன்ஸை இங்க வரச் சொல்லுங்க, சீக்கிரம்" என்று சத்தம் போட்டது.

ஆம்புலன்ஸ் நைனாவுக்கு என்றுதான் நினைத்தேன். அவரைத் திரும்பிப் பார்த்து, "நான் சொன்னேன்ல" என்றுகூடச் சொன்னேன். அவர் நின்றுகொண்டிருந்தார். நான்தான் படுத்திருந்தேன். அது மண்டையில் ஏற எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மலை ஏறும்போது வராத நடுக்கம் படுத்த பிறகு வந்தது.

அரக்கோணம் ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள், அந்தப் பிரஷரோடு மலை ஏறியவள் உயிரோடு மேலே போய்ச் சேர்ந்ததே பெரிசு என்று. டாக்டர் அம்மா கேட்டது இன்னொன்று. "உங்க அம்மாவுக்கு பிரஷர் இருந்துச்சா?" தெரியவில்லை என்றேன். அம்மாவுக்கு யாரும் பார்த்ததே இல்லை. அவளும் தலைவலி என்று புடவைத் தலைப்பை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சமைத்தவள். அந்தக் கேள்வி என்னை உலுக்கியது போல அந்த நாளில் வேறு எதுவும் உலுக்கவில்லை. காவல் இருந்தேன் என்றேனே, நான் காவல் இருந்த வாசல் வேறு, எமன் வந்த வாசல் வேறு. இப்போது மாத்திரை போட்டுக்கொள்கிறேன். என் குழம்பில் உப்பு பாதி. நைனா தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஊறுகாய் வேணாம்" என்கிறார். எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆம்புலன்ஸில் நடந்தது. என்னைத் தூக்கி ஏற்றியபோது பாய், "நைனா, நீங்க தரிசனம் பண்ணிட்டு வாங்க, நான் அக்கா கூடப் போறேன்" என்றார். சன்னிதி கண்ணுக்கு எட்டுகிற தூரம். கழற்றிய ஷூ அங்கேயே கிடந்தது, கரும்பு சுவரில் சாய்ந்திருந்தது. நைனா கோபுரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்காலோடு வண்டியில் ஏறி என் தலைமாட்டில் உட்கார்ந்தார். என் நெற்றியில் கை வைத்தார். ஊக்கு குத்திய எண் அட்டை இன்னும் அவர் நெஞ்சில் இருந்தது.

வண்டி வளைந்து வளைந்து இறங்கியது. அடிவாரத்தில் டிரைவர் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். "நிறுத்தாதப்பா, போ" என்றார் நைனா. வண்டி வேகம் எடுத்தது. பின்கதவுக் கண்ணாடியில் மலை முழுசாகத் தெரிந்தது. படுத்திருந்த எனக்கு அவர் முகம் மட்டும் தலைகீழாகத் தெரிந்தது.

என் நெற்றியிலிருந்த கையை எடுத்தார். இரண்டு கையையும் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கினார். கீழே இருந்து ஒரு கும்பிடும் வேண்டாம் என்று சொன்ன மனிதர், ஓடுகிற வண்டியில், கண்ணில் தண்ணீர் வழிய, கண்ணாடி வழியாக மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இன்னா நைனா?" என்றேன்.

"நீ பேசாம படு" என்றார். மலை மறைந்து வெகு நேரம் ஆன பிறகும், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும், அவர் அந்தக் கையை இறக்கவில்லை.